எடைமேடைக்காரி

நூற்றெண்பது மாதம் என்றுதான்
கையெழுத்துப் போட்டோம்.
தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை,
அதனால் சந்தேகமே வரவில்லை.
மாதங்கள் ஏறியிருந்தன, சத்தமில்லாமல்:
இருநூற்று இருபத்து மூன்று.

கிளை மேலாளர் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு
"சிஸ்டம் மாத்தியிருக்கும்மா" என்றார்.
பதினோராம் பக்கத்தை விரித்தேன்.
மூன்று வருடம் மாறாத வட்டி, எட்டரை.
இரண்டாம் வருடம் ஆவணியிலேயே பத்தேகால்.

நான் காவேரிப்பட்டணம் ரோட்டில்
மாங்கூழ் கம்பெனியில் எடைச்சீட்டு எழுதுகிறவள்.
லாரி வரும்போது ஓர் எடை,
காலியாய்த் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவதுதான் பழம்.
இருபது கிலோ இடித்தாலும்
டிரைவர் இறங்கி வந்து நிற்பான்.
மறுபடி ஏற்றுவோம். அவ்வளவுதான்.
இதற்கு யாரும் என்னிடம் மனு கேட்டதில்லை.

கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டில் நாலாவது வாய்தா.
திம்மராயன் ஷிப்டை விட்டுவிட்டு
வெளியே வேப்பமரத்தடியில் ஜெராக்ஸ் கட்டோடு.
வங்கி வக்கீலும் சிஸ்டம் என்றார்.

"அந்த சிஸ்டம் யாருங்கய்யா?
எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பணும்?"

தட்டச்சுக்காரர் விரலை நிறுத்தி
மேலே பார்த்தார்:
இதையும் அடிக்கணுமா?

"அடிங்க."