வட்டம் கொஞ்சம் பொய்

ட-வில் தொடங்கினேன்.
நின்ற கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, அவ்வளவுதான்.
ப-வுக்கு இன்னொரு சுவர்.
சூளைமேட்டு மாடியறையில்
மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்ற,
கோடும் வட்டமும் போதும்,
தீபாவளிக்குள் இருநூற்று நாற்பத்தேழும் முடிந்துவிடும் என்று
வீட்டுக்கடன் கம்பெனி சந்தானராஜிடம்
முன்பணம் வாங்கினேன்.

பிறகு ழ வந்தது.
ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறியவர் மாதிரி
காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அடிக்கோட்டுக்குக் கீழே நீட்டியது.
மடக்கச் சொன்னேன்.
மடக்கினால் அது ழ இல்லை.
ண-வுக்கு மூன்று சுழி.
ஒரே வட்டத்தை அடுத்தடுத்து வைத்தால்
மின்சார ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகிறது.

காம்பஸில் போட்ட வட்டம்
கண்ணுக்கு வட்டமில்லை.
மேலும் கீழும் மயிரிழை மெலிய வேண்டும்.
பக்கத்துச் சதுரத்தைவிட மயிரிழை உயர வேண்டும்.
அப்போதுதான் இரண்டும் சமமென்று
ஒப்புக்கொள்கிறது கண்.
நேர்மையாய்த் தெரிய எத்தனை கள்ளத்தனம்.

"சுத்தமா இருக்கு மேடம்,
கொஞ்சம் பாசமும் இருந்தா நல்லாருக்கும்" என்றார் சந்தானராஜ்.
மூலைகளை இரண்டு அலகு மழுக்கினேன்.
அதுதான் பாசம்.

மூன்றே மாதம்.
யார் பென்டிரைவில் ஏறியதோ,
ஜாம்பஜாரில் ஃபர்னிச்சர் விற்றது என் எழுத்து.
(ஃ-ஐ யாரும் கேட்க மாட்டார்கள் என்று
ஐந்து நிமிடத்தில் வைத்த மூன்று புள்ளிகள்!)
தண்ணீர் லாரியின் முதுகில் ஏறியது.
கேட் முன் வண்டி நிறுத்தாதே என்று அதட்டியது.
சித்தாலப்பாக்கத்தில் ஒரு காலி இடத்தில்
'மனை விற்பனைக்கு' என்று நின்றது.
பேருந்தில் என் முன்சீட்டுப் பையன்கள் அதை
'மனைவி ற்பனைக்கு' என்று படித்து
மேடவாக்கம் வரை சிரித்தார்கள்.
நவீனமாய் இருக்கட்டுமென்று
சொல்லிடைவெளியைக் குறுக்கியவள் நான்தான்.
அன்றிரவே நாற்பது அலகு கூட்டினேன்.
திருடியவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

நேற்று வேளச்சேரி சிக்னலில்
சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ்.
கண்ணீர் அஞ்சலி.
தோற்றம், மறைவு,
நடுவில் சஃபாரி சட்டையில் குழந்தைவேலு.
அகலம் போதாமல் பெயரை
இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருந்தார்கள்.
என் வட்டங்களெல்லாம் முட்டை.
வாய்க்குள் திட்டிக்கொண்டே பார்த்தேன்.

காற்று கிழித்துவிடாமலிருக்க
பிளேடால் அங்கங்கே அரைவட்டமாய்க் கீறியிருந்தான் யாரோ,
அளவுகோல் இல்லாமல், ஏணியில் நின்றபடி.
அத்தனையும் அச்சு அசல் அரைவட்டம்.
அதிலொன்று ழ-வின் நடுவில் விழுந்திருந்தது.

லாரி ஒன்று கடந்தபோது அது திறந்தது,
மூடியது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.