மீனுக்குள் பிறந்த கத்தி

திருகோணமலை மீன்சந்தையில்
ஏழாம் மேசை என்னுடையது.
பத்தொன்பது வருசமாய் அறுக்குளா வெட்டுகிறேன்.
எலும்பில் முட்டினால் மணிக்கட்டு வரை நோகும்,
பொருத்தில் விழுந்தால் சத்தமே வராது.
டொக்டர் பிருந்தாயினி
கிளினிக் துண்டின் பின்பக்கம் நீளமாய் ஒரு கோடு கீறி
'இதை எங்கே வெட்டுவீங்கள்?' என்று கேட்டபோது
சிரித்துவிட்டேன்.

ஈரலில் சி கிருமி.
செங்கமாரி வரவில்லை, சோறு மட்டும் கசந்தது.
எந்த ஊசி, எந்த வருசம்,
ஒருவருக்கும் தெரியாது.

தன் புரதங்களைத் தனித்தனியாய்ச் செய்ய
இந்தக் கிருமிக்கு வராதாம்.
எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாய் இழுத்துவிடும்,
மூவாயிரம் கண்ணி,
தலையும் செதிளும் குடலும் ஒட்டிய முழு மீன் போல.
வெட்டாவிட்டால் அது வெறும் சுமை.

முன்பக்கத்து வெட்டுகளை
என் ஈரலின் சொந்தக் கத்தியே போட்டுக் கொடுக்கிறது.
(அதைக் கேட்டபின் இரண்டு நாள்
ஈரலோடு நான் பேசவில்லை.)
மிச்சத்துக்கான கத்தி
சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது.
மடிந்து, வாய் பிளந்து,
பக்கத்துத் துண்டைப் பிடியாக்கி,
முதலில் தன்னையே அறுத்து இறங்குகிறது.
பிறகு
பொருத்து,
பொருத்து,
பொருத்து.

மர்சூக் நானாவிடம் சொன்னேன்.
பாரையின் வயிற்றைக் கீறியபடியே
'அப்ப கூலி யாருக்கு, யூஜின்?' என்றார்.

இன்னொன்றும் செய்கிறது அது.
கள்ளன் புகுந்தால் அடிக்கவென்று
ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு மணி இருக்கிறதாம்.
அதே வாயால் அதன் கயிற்றையும் அறுத்துவிடுகிறது.
இத்தனை காலம் எனக்குள்
ஒரு நாய்கூடக் குரைக்காதது அதனால்தான்.

குளிசை அந்தக் கத்தியை உடைப்பதில்லை.
வெட்டவேண்டிய பொருத்தைப்போல வேசம் போட்டு
நேரே அதன் வாய்க்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது.
கத்தி கடிக்கிறது.
விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.
வெளியே, வெட்டுப்படாத சங்கிலிகள்
விலைபோகாத மீனாய்க் குவிந்து கெடுகின்றன.
அப்படித்தான் நினைத்துக்கொண்டு
தண்ணீரோடு விழுங்குகிறேன், இரவு எட்டு மணிக்கு.

இது ஐந்தாம் கிழமை.
விடிய முன்னம் சந்தை வாசலில்
ஒரு புள்ளிமான் கோவா இலை மெல்லுகிறது.
துறைமுகப் பக்கம் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
கையுறை இரண்டு சோடி போடுகிறேன் இப்போது.
முதல் வியாபாரம், ஆறு கிலோ அறுக்குளா.
'வெட்டவேண்டாம் அண்ணை, முழுசாய்த் தாங்கோ.'
தராசு ஆடி நிற்கிறது.
பலகையில் என் கத்தி கிடக்கிறது
கிடத்தின இடத்திலேயே.
நல்ல பிள்ளை.
தானாய் ஒன்றும் தெரியாது அதற்கு.