துளை இலக்கம் ஏழு

கிருலப்பனையில் ஓட்டுவீடு ஒன்று நின்ற வளவு.
இனிப் பதினான்கு மாடி.
அதற்கு முன் நான்:
பெட்டியில் வரிசையாய்க் கிடத்திய கல் உருளைகளைக்
கீழிருந்து மேலாய் வாசித்துப்
படிவம் நிரப்புகிறவள்.

பதினெட்டு மீற்றரில் பாறை.
சாம்பலும் கறுப்பும் வரிவரியாய்,
சுத்தியலால் தட்டினால் மணிபோல் பதில்.
அதன் மேலே கொஞ்சம் தயக்கம்:
வெடிப்பின் ஓரம் மட்டும் மஞ்சள் பூத்திருக்கிறது,
தண்ணீர் வந்து போன வழி.

பன்னிரண்டில்
பாறையின் முகம் அப்படியே இருக்கிறது,
அதே வரி, அதே சாய்வு.
பெருவிரலால் அழுத்தினேன்,
மாவாய் உதிர்ந்தது.
துளைக்கிற பியதிஸ்ஸ இதைக்
கெட்டுப்போன கல் என்பார், பழஞ்சோற்றைச் சொல்வது போல.
நான் மறுத்ததில்லை.
படிவத்திலும் 'சிதைந்தது' என்றே ஒரு கட்டம்.

ஆனால் கெட்டது எது?
காற்றை விழுங்கிப் புளித்த மழை
சொட்டுச் சொட்டாய் உள்ளே போய்
பெல்ட்ஸ்பாரைக் களியாக்கியது.
இரும்பு துருவேறிச் சிவந்தது.
குவார்ட்ஸ் மட்டும் கரைய மறுத்து
மணலாய்த் தள்ளி நின்றது,
கோபித்துக்கொண்ட சம்பந்தி.
மண்ணாய்ப் போ என்று
யாரோ பாறையைத் திட்டியிருக்க வேண்டும்.
அது வாழ்த்தென்று எடுத்துக்கொண்டது.
அவசரப்படவுமில்லை. ஒரு விரற்கடைக்கு
இந்த நகருக்குப் பெயரே இல்லாத நூற்றாண்டுகள் பல.

மேலே கபுக்கல், ஓட்டை ஓட்டையாய்.
அதற்கும் மேலே
ஒரு முழம்கூட இல்லை:
கறுப்பு, ஈரம், வேர்நார்,
பாதியாய் வெட்டுப்பட்டும் நெளிகிற மண்புழு.
இதன் பலத்தைப் படிவம் கேட்பதில்லை.
'மேல்மண்: அகற்றவும்.'
நானே எழுதியிருக்கிறேன், இருநூறு தடவையாவது.

வெள்ளி பின்னேரம் இடி.
குவித்துவைத்த மேல்மண்
வேலித் தகரத்தின் அடியால் நழுவி
கானில் இறங்கிக் கால்வாயில் ஏறி
பால்விட்ட தேத்தண்ணி நிறத்தில்
வெள்ளவத்தைக் கடலுக்குப் போயிற்று.
நாற்பது நிமிடம். கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.
எந்தப் பொலிஸ் எடுக்கும் இந்த முறைப்பாட்டை?

சனி காலை
மிச்சக் குவியலின் மேல் சீமெந்துச் சாக்குகள்.
சாக்கின் கிழிசல்களில் வத்தாளைக் கொடித் துண்டுகள்.
துப்புரவுக்கு வருகிற புஷ்பகாந்தி,
லபுக்கலைப் பக்கம் மண்சரிவில் லயம் போனவள்,
கை கழுவிக்கொண்டே சொன்னாள்:
"மூடி வச்சா நிக்கும் மிஸ்.
அம்மணமா விட்டா
எங்கள மாதிரியே கெளம்பிப் போயிரும்."

படிவத்தின் அடியில்
'குறிப்புகள்' என்று ஒரு கோடு உண்டு.
யாரும் எழுதுவதில்லை.
எழுதினேன்:
அகற்ற வேண்டாம். மூடி வைக்கவும்.
வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பொறியியலாளர் நேற்று போனில் கேட்டார்,
எந்த வேலை,
யார் ஒப்பந்தக்காரர் என்று.