கீழ் ஈ-ஃப்ளாட் வரை

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து
சாலை எது கரை எது என்று தெரியவில்லை.
பெல்கி கடை வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு
டோவேயும் நானும் அவள் அம்மாவும் நுழைகிறோம்.
மூவரும் ஒரே வாசலில் நுழைந்து
நாலு வருஷம் இருக்கும்.

மேசை மேல் மூன்று பேஸ் கிளாரினெட்.
முதலாவது புத்தம் புதுசு, முகம் பார்க்கலாம்.
ஒரு சாவியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
தகரக் கரண்டி மாதிரி வளைந்துகொடுத்தது.
பெல்கி இருமினார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது மரம். கீழ் ஸி வரை இறங்குமாம்.
அந்தக் காசுக்கு என் வண்டிக்கு எஞ்சினே மாற்றலாம்.
லோர்னா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
சத்தமில்லாமல் பழையபடி திருப்பி வைத்தாள்.

மூன்றாவது பழசு, பிளாஸ்டிக் உடம்பு,
மணிவாயின் விளிம்பில் ஏதோ பள்ளிக்கூடம் கீறிய 17.
"கீழ் ஈ-ஃப்ளாட் வரைதான். பள்ளிக்கு அது தாராளம்."
கடை விளக்கை அணைத்துவிட்டு
ஒல்லி விளக்கு ஒன்றைக் கயிறு போல உள்ளே இறக்கினார்.
மூடிய துளைகளின் ஓரத்தில்
எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று
நாலு தலைகள் ஒன்றாகக் குனிந்தன.
லோர்னா இப்போது வேறு ஷாம்பு.
ஒரே இடத்தில் ஊசிமுனை வெளிச்சம்.
"மெத்தை மாற்றித் தருகிறேன். அதற்குத் தனிக் காசில்லை."

டோவே உட்கார்ந்தாள். பதின்மூன்று வயசு, ஐந்தடி எட்டு.
வகுப்பில் யாரும் கேட்காத வாத்தியத்துக்குக் கை தூக்கியவள்.
சீவாளியை வாயில் ஊறவைத்தபடி
என்னையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.
ஊதினாள். வாத்து.
வெறுங்காற்று.
மறுபடி வாத்து.

வாங்கிப் பார்த்தார் பெல்கி.
மேல்துண்டும் கீழ்த்துண்டும் சேருமிடத்தில்
பாலம் மாதிரி ஒரு குட்டி நெம்புகோல்,
அதை மயிரிழை திருப்பினார்.
"இது நேரே நிற்காவிட்டால்
கீழ் ஸ்வரம் ஒன்றும் வராது."
லோர்னா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
நான் டிரம் குச்சிகளின் விலையைப் படித்தேன்.

பிறகு வந்தது.
காதுக்கு முன் தரைக்கு வந்தது.
கண்ணாடி அலமாரிக்குள் விசில்கள் நடுங்கின.
பனி உடைந்ததும் முதல் தாதுக்கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கேட்குமே,
அந்தக் குரலுக்குத் தங்கச்சி.
மூச்சு தீரும்வரை ஊதினாள்,
தீர்ந்த பிறகும் கொஞ்சம்.

"ஒரே துண்டாகவும் கிடைக்கும், பெட்டிதான் சவப்பெட்டி நீளம்.
இது இரண்டாகக் கழலும். பஸ்ஸில் மடியில் வைக்கலாம்."
வியாழன் வரை அவள் வீடு, வெள்ளியிலிருந்து என் வீடு.
பெல்கிக்கு அது தெரியாது.

பாதி அவள், பாதி நான்.
வாய்க்கட்டை மட்டும் நல்லதாகப் புதுசு வாங்கச் சொன்னார்;
அதை யார் வாங்குவது என்று
பனியில் நின்று கொஞ்சம் சண்டை போட்டோம்,
வழக்கத்தைவிடக் குறைவாக.

அடியில் ஊன்றுகோல் உண்டு, தரையைக் குத்தும்.
அதற்கொரு ரப்பர் குப்பி, இரண்டு டாலர்.
மறந்துவிட்டது என்று திரும்பி உள்ளே போன லோர்னா
வரும்போது
இரண்டு வாங்கி வந்தாள்.