வெட்டு

களியல் தாண்டியதும் தார் முடிந்தது.
அங்கிருந்துதான் போன் வரைபடத்தில்
எங்கள் சிவப்புக் கோடு தொடங்கும்.

கால்வாய்க் கரையில் ஒன்பது கிலோமீட்டர் சரல்.
ஹேண்டில்பார் வழியே முழங்கைக்கு ஏறிப்
பல்லில் வந்து நிற்கும் அதிர்வு.
மழை அரித்த இடத்தில் பிஜோ இறங்கித் தள்ளினான்.
நான் இறங்கவில்லை.
அதற்கென்றே ஒரு கூர்ங்கல் கிடந்தது.

ஸ்ஸ்.
டயர் ஓரத்தில் வெள்ளையாக நுரைத்தது.

ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாபாய்
கத்தியை இடுப்பில் செருகிவிட்டு
வந்து குனிந்தார்.
"இதுலயும் வெட்டு விழுந்தாச்சா?"

ஓட்டை அடைக்க உள்ளே ஊற்றுகிற மருந்து என்றேன்.
வெளிநாட்டுச் சரக்கு,
பாட்டில் ஆயிரத்து இருநூறு.

விரலில் தொட்டு மோந்தார்.
"நம்ம பாலாக்கும் மக்கா.
எங்களுக்குக் கிலோவுக்கு என்ன தாறானுவ தெரியுமா?"

சொல்லவில்லை.
நெற்றி விளக்கை அணைத்தபடி
அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு
கரையில் உட்கார்ந்திருந்தோம், தண்ணீரில் கால் விட்டு.
ஐந்து நிமிடத்தில் கசிவு நின்றது.
பிஜோ காற்றடித்தான்.

பின்னால் சிரட்டைகளில்
சொட்டிக்கொண்டே இருந்தது.