மிச்சமிருந்த தூரம்

காற்றுப்பை வடக்கே நீட்டிக்கொண்டிருந்தது.
நானும் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.
பார்த்தேன். பார்த்ததை அப்படியே விட்டுவிட்டு
இறங்கினேன்.

பாதை பாதி தீர்ந்தது என்று சொல்ல
ஓரத்தில் ஒரு வெள்ளைத் தகரம் உண்டு.
அதைத் தாண்டியும் சக்கரம் புல்லைத் தொடவில்லை.
த்ராட்டிலில்தான் இருந்தது கை.
முன்னே தள்ளியிருக்கலாம்,
பாம்பா சமவெளியில் வானத்துக்கா பஞ்சம்,
ஒரு சுற்று, ஐந்து நிமிடம்.

சட்டைப் பைகளில் பன்னிரண்டு சின்னக் கூண்டுகள்,
ராணித் தேனீயும் தோழிகளுமாய்.
ஜனவரி வெயிலில் வாடிவிடுமே என்று அவசரப்பட்டேன்,
கேட்பவர்களிடம் இப்படித்தான் சொல்கிறேன்.
பொய்.
வந்துவிட்டேன் என்று
மனசுக்குள் எப்போதோ பெல்ட்டைக் கழற்றியிருந்தேன்.

காலை மழை புல்லிலேயே இருந்தது.
பிரேக்கை மிதித்தேன்.
சக்கரம் நின்றது. விமானம் நிற்கவில்லை.

வேலிக்கு என்ன அவசரமோ,
அதுவும் என்னைப் பார்த்து ஓடிவந்தது.
கம்பி அறுந்த சத்தம்.
அப்புறம் மஞ்சள், மஞ்சள்,
ஒவ்வொரு சூரியகாந்தியும்
கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்துவிட்டுக் கீழே போனது.
மூக்குச் சக்கரம் மடங்கியது.
விசிறி மண்ணைத் தோண்டி நின்றது.

எரிபொருளை மூடினேன், சாவியை அணைத்தேன்.
அது ஒன்றைச் சரியாகச் செய்தேன், குறித்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சருகே மெல்ல ஒரு ரீங்காரம்.
என் இதயம் என்றே நினைத்தேன்.

செஃபெரினோ டிராக்டரில் வந்தார்.
இந்தப் பூக்களுக்காகத்தான்
போன மாதமே ராணிகளுக்குப் பாதிப் பணம் கொடுத்திருந்தார்.
இறக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வேலியை வெகுநேரம் பார்த்தார்.
"மாடு வெளியே வந்துவிடும்" என்றார்.
மாத்தே குடுவையை என் கையில் திணித்துவிட்டு
கம்பி முறுக்கக் குனிந்தார்.
குடிக்கும் குழல்
என் பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது.

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம்:
தரை தொட்டபோது மிச்சமிருந்த தூரம், மீட்டரில்.
முந்நூறு என்று எழுதினேன். அடித்தேன்.
இருநூற்றைம்பது.
ஏரோ கிளப் பையன் லௌத்தாரோ
ஒன்றும் பேசாமல் டேப்பை இழுத்துக்கொண்டு போனான்,
புல்லில் என் சக்கரம் கிழித்த முதல் கோட்டிலிருந்து
வேலிக்கால் குழி வரை.

நூற்றுத் தொண்ணூறு.

ராணிகளில் ஒன்பது பிழைத்தன.
செஃபெரினோ பன்னிரண்டுக்கும் கணக்குப் போட்டுத் தந்தார்,
வேலிக் காசைக் கழித்துக்கொண்டு.
சாய்ந்த பூக்களுக்கு
எதுவும் கழிக்கவில்லை.