பதினான்கு படி

வால்பரைசோவில் யார் வீட்டுக்குப் போவதென்றாலும் படி ஏற வேண்டும்.
தங்கை நேலிதா வீட்டுக்கு நூற்று முப்பத்தொன்று.
ஒன்பது வருடமாக அவள்தான் இறங்கி வருகிறாள்.
ஓட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது
இடுப்பு பிடித்தது.
பிடித்தது பிடித்ததுதான்.

ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
ஒருவர் தேய்மானம் என்றார், ஒருவர் வயசு என்றார்.
ஒஸ்வால்தோ ஒன்றும் சொல்லாமல்
என் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டான்.
அதுதான் அதிகம் வலித்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பெர்னார்திதா
பலகையில் முதுகெலும்பு வரையவில்லை,
ஒரு நாயை வரைந்தாள். மோசமாக.
"திருடன் எப்போதோ போய்விட்டான்.
நாய்க்கு யாரும் சொல்லவில்லை.
தபால்காரனுக்கும் குரைக்கிறது, காற்றுக்கும் குரைக்கிறது."
அப்போ என் வலி பொய்யா?
"குரைப்பு பொய்யில்லையே," என்றாள்.

கணக்கு இதுதான்: ஒரு நாளைக்குப் பதினான்கு படி.
கெட்ட நாளிலும் பதினான்கு, நல்ல நாளிலும் பதினான்கு.
கெட்ட நாளில் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.
இல்லை, நல்ல நாளில் நிற்பது.
வெயிலடித்த ஒரு சனிக்கிழமை ஐம்பது ஏறிவிட்டு
நான்கு நாள் தரையில் கிடந்தேன்.
எங்கள் கூரையின் ஈரக்கறைகளை என்னைக் கேளுங்கள்.
மறுபடி பதினான்கு.

மார்ச்சில் பதினேழு. குளிர்காலத்தில் முப்பது.
இன்றைக்கு நாற்பத்து மூன்றாம் படியில்
யாருடைய பூந்தொட்டிக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
வலிக்கிறது.
கீழே துறைமுகத்தில் கிரேன் ஒரு பெட்டியை
அவசரமில்லாமல் இறக்குகிறது.
தெருநாய் ஒன்று வந்து குரைத்தது.
நான்தான், நேற்றும் வந்தேனே என்றேன்.
இன்னும் இரண்டு தடவை குரைத்துவிட்டுப்
பக்கத்தில் படுத்துக்கொண்டது,
ஒரு கண்ணைத் திறந்தபடி.